கப்பலரளிக்கு அடித்த தண்ணீர்

குளிருக்காக மலையேறி வருகிறவர்கள் வீடு கட்டி முடித்ததும் வெயிலில் வளரும் மரங்களைத்தான் கேட்பார்கள். இருபத்திரண்டு வருடங்களாகக் குன்னூரில் நர்சரி வைத்திருக்கிறேன். பங்களாக்களுக்கும் விடுதிகளுக்கும் தோட்டம் அமைத்துக் கொடுக்கும் வேலையும் எடுத்துச் செய்கிறேன். இந்த ஒரு விஷயம் மட்டும் இத்தனை வருடத்தில் மாறவே இல்லை. கோயமுத்தூர்க்காரருக்கு வாசலின் இரண்டு பக்கமும் பனை வகை ஏதாவது நிற்க வேண்டும். சென்னைக்காரருக்கு மதில் முழுக்கக் காகிதப்பூ கொட்ட வேண்டும். ஒருவர் போனில் ஏதோ கடற்கரை ரிசார்ட்டின் படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்றார். படத்தில் மரத்தடியில் ஓர் ஆள் சட்டையில்லாமல் படுத்திருந்தான். இவர் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றார்.

ஆரம்பத்தில் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். "ஏனுங்க, அந்த மரத்துக்கும் ரெண்டு ஸ்வெட்டர் வாங்கிட்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டு ஒரு நல்ல வேலையை இழந்திருக்கிறேன். பிறகு பழகிக்கொண்டேன். அவர்களுக்கு வேண்டியது மரம் மட்டும் இல்லை என்பது போகப் போகத்தான் புரிந்தது. நானே சூலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள்தான். முதல் வருடம் ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் தெரியாதா என்று ஏங்கியிருக்கிறேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வர வர, பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொள்வதுபோல ஒவ்வொரு மரமாக வழியில் இறங்கிக்கொள்ளும். பர்லியாறு வரை எதை வைத்தாலும் வரும். குன்னூரில் ஜெகரண்டா நன்றாகவே பூக்கும். கோத்தகிரியில் வெயில் விழும் சுவராகப் பார்த்து வைத்தால் காகிதப்பூவும் ஏமாற்றாது. ஊட்டியைத் தாண்டிக் குந்தா பக்கம் போனால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. உறைபனி மேட்டில் நிற்பதில்லை. தண்ணீரைப்போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். ஒரே தெருவில் மேல் வீட்டுச் செம்பருத்தி பூத்துக்கொண்டிருக்க, கீழ் வீட்டுச் செம்பருத்தி கருகி நிற்கும்.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தவள்தான் அந்த மரத்தை அந்தப் பள்ளத்தில் வைத்தேன்.

அந்த வீட்டுக்காரர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளம் வயதில் குந்தாவில் சில வருடங்கள் இருந்திருக்கிறார். கடைசிக் காலத்தில் இந்த மலையில் வந்து இருக்க வேண்டும் என்று அப்போதே முடிவுசெய்துவிட்டாராம். அவர் மனைவி எந்த முடிவும் செய்யவில்லை. குந்தா பக்கத்துப் பள்ளத்தில் வீடு கட்டிக்கொண்டு, கோயமுத்தூர் வீட்டை விற்றார்கள். வாங்கியவர்கள் அதை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். வாசலில் முப்பது வருடமாக நின்ற ஒரு கப்பலரளி மரத்தையும் சேர்த்துத்தான் வெட்டப் போகிறார்கள். கோயில்களில் பார்த்திருப்பீர்கள், வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள், கிளையை ஒடித்தால் பால் வடியும். நர்சரிகளில் ப்ளூமேரியா என்பார்கள். அந்த அம்மா கப்பலரளி என்றுதான் சொன்னார்.

"அதை மட்டும் மேல கொண்டாந்து வெச்சுக் குடுத்துருங்க. வேற ஒண்ணுமே நான் கேக்கல," என்றார். கணவர் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தி, "அது ஒண்ணு இருந்துச்சுன்னா நான் இங்க இருந்துக்குவனுங்க," என்றார்.

வராதுங்க என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. பாவம் என்று நினைத்தது பாதி. மீதிப் பாதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த உயரத்தில் கப்பலரளியைப் பூக்க வைத்தவள் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. "நான் வெச்ச மரம் ஒண்ணுகூடப் போனதில்லைங்க" என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அது உண்மையும் இல்லை.

என்னோடு பதினான்கு வருடம் வேலை செய்தவள் ஒருத்தி. என்னைவிட நான்கு வயது இளையவள். அவளுடைய அப்பா அம்மா சிலோன் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள்; இவள் பிறந்தது கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டின் லயத்து வரிசை வீட்டில். காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடுவதை அவள் பெரட்டு என்றுதான் சொல்வாள். அவளிடமிருந்து நானும் பிடித்துக்கொண்டேன். "நாளைக்கு ஏழு மணிக்குப் பெரட்டு" என்று நான் சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. குழி எடுப்பதற்கு முன்னால் செடியைத் தொட்டியோடு அந்த இடத்தில் வைத்துவிட்டு, தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வாள். பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருப்பாள். நேரம் போகிறதே என்று நான் கத்துவேன். "ஊட்டுக்காரவுங்க இத நின்னுகிட்டா பாக்கப் போறாங்க? ஒக்காந்துதானக்கா பாப்பாங்க," என்பாள். பிறகு எழுந்து வந்து தொட்டியை ஓர் அடி நகர்த்துவாள். அந்த ஓர் அடியில் தோட்டமே வேறாகத் தெரியும். என்னுடைய தோட்டங்கள் அழகாக இருப்பதாக ஊரில் சொல்வார்கள். அவற்றில் பாதி அவளுடைய அந்த ஓர் அடி. நான் இதை யாரிடமும் சொன்னதில்லை.

சித்திரையில் மரத்தைப் பெயர்த்தோம். கிளைகளைக் கழித்து, வேரைச் சாக்கில் கட்டி, டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். தொடை பருமன் இருந்த அடிமரம் வழியெல்லாம் பால் சொட்டியது. வெட்டுக் காயம் ஆறட்டும் என்று பத்து நாள் நிழலில் சாய்த்து வைத்தோம். அது அவள் சொன்ன யோசனைதான். பிறகு வாசலுக்கு இடப்பக்கம் நட்டோம். ஆனியில் நுனிகளில் இலை எட்டிப் பார்த்தது. புரட்டாசியில் ஒரே ஒரு கொத்து பூத்தது. ஏழெட்டுப் பூ இருக்கும். அந்த அம்மா எனக்குப் போன் செய்து அழுதார். நான் அந்தப் பூவின் படத்தை எல்லோருக்கும் அனுப்பினேன்.

கார்த்திகையில் இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. கப்பலரளிக்கு அது வழக்கம்தான். எல்லா இலையையும் கொட்டிவிட்டு மொட்டைக் கம்புகளாய் நின்று தூங்கும்.

மார்கழி பிறக்கும் முன்பே பள்ளத்தில் பனி விழ ஆரம்பித்துவிட்டது. இங்கே பனிக்கு இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று, கோத்தகிரிக் காட்டிலிருந்து மிலார் புதரின் கிளைகளை வெட்டிவந்து செடிகளுக்குக் குடைபோலச் செருகி மூடிவைப்பது. இரண்டாவது, விடிந்ததும் வெயில் படுவதற்கு முன்னால் தண்ணீர் தெளித்து இலைமேல் உறைந்த பனியைக் கழுவிவிடுவது. பனியோடு இருக்கும் இலையில் வெயில் பட்டால் கருகிவிடும். கீரைப் பாத்தியிலிருந்து பெரிய பூங்கா வரை இந்த மலையில் எல்லோரும் செய்வது இதைத்தான். நானும் யோசிக்காமல் செய்வேன்.

என்னோடு வேலை செய்தவளின் நாத்தனார் வீடு அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு மாதம் அங்கேயே தங்கி, காலையில் அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். சரி என்றாள். பிறகு மரத்தைக் காட்டி, "இதுக்கு மட்டும் தண்ணி வேணாங்க்கா," என்றாள். "இது பால் மரம். எல கொட்டித் தூங்குறப்ப குளுர்ல தண்ணி ஊத்துனா வேரு அழுகிரும். சுத்தி மிலாரு கட்டி, மேல ஒரு சாக்கப் போட்டு உட்ருவோம். பங்குனியில பிரிப்போம்."

அதற்கு ஒரு தடை இருந்தது. புது வருடத்துக்கு அந்த அம்மாவின் மகள் குடும்பத்தோடு வருகிறாள். வாசலில் மரம் சாக்கு மூட்டையாக நிற்பது நன்றாக இருக்காது என்று அந்த அம்மா என்னிடம் தயங்கிச் சொல்லியிருந்தார். நானும் தலையாட்டியிருந்தேன். அதை இவளிடம் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"எனக்கே பாடம் எடுக்கறயா? எல்லாத்துக்கும் அடிக்கற மாதிரி அதுக்கும் அடி. ஒரு நாள் உடாம அடி," என்றேன்.

"சரிங்க்கா."

"ஒரு நாள்கூட உடக் கூடாது."

"சரின்னுட்டனே அக்கா," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பதினான்கு வருடத்தில் என் வார்த்தையை அவள் மீறியதே இல்லை. மறுத்துச் சொல்வாள், நான் கேட்காவிட்டால் நான் சொன்னதைச் செய்துவிடுவாள். அதை நான் நல்ல குணம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தை மாதக் கடைசியில், மரம் கறுக்கிறது என்று அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. அன்று எப்படியும் அங்கே போக வேண்டியிருந்தது. அசேலியா தொட்டிகளை டெம்போவில் ஏற்றி, நர்சரியில் வேலை செய்யும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு போனேன். மரத்தின் நுனிகள் கறுத்துச் சுருங்கியிருந்தன. அடிமரத்தை அழுத்தினேன். பழுத்த பூசணியைத் தொட்டதுபோலக் கட்டைவிரல் உள்ளே போனது. கத்தியால் கீறினேன். பால் வரவில்லை. பழுப்பாக ஏதோ கசிந்தது.

அந்த அம்மா சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "ஏனுங்க இப்பிடி ஆச்சு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

நான் பக்கத்தில் நின்றிருந்த அவளைப் பார்த்துத் திரும்பினேன். "நீ காலைல எந்திரிக்கவே இல்ல. வெயில் வந்தப்புறம் ஆடி அசைஞ்சு வந்து ரெண்டு தெளி தெளிச்சுட்டுப் போயிருக்க," என்றேன்.

அவள் பூவாளியோடு நின்றுகொண்டிருந்தாள். அந்தக் குளிரில் ரப்பர் குழாய் விறைத்துப்போய்விடும் என்பதால், தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு பூவாளியில்தான் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் விரல் கணுக்கள் எல்லாம் வெடித்திருந்தன. அதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"தெனமும் அடிச்சேங்க்கா."

"பொய் சொல்லாத. அடிச்சிருந்தா மரம் ஏன் போகுது? போத்திட்டுத் தூங்கிட்டு இருந்திருப்ப. உன்ன நம்பி உட்டது என் தப்பு."

அந்த இடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். அந்த அம்மா, அவர் கணவர், வேலைக்கு வந்த இரண்டு பெண்கள், டெம்போ டிரைவர். யாரும் வாய் திறக்கவில்லை. அவள் பூவாளியைத் தரையில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். நேரே கேட்டைத் திறந்து வெளியே போய், பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தாள். சாயங்காலம் சமாதானமாகிவிடுவாள் என்று நினைத்தேன். மறுநாள் பெரட்டுக்கு அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து மரத்தை எடுக்கப் போனோம். வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் கோயமுத்தூர் போயிருந்தார்கள். அந்த இரண்டு பெண்களும் மண்ணைத் தோண்டினார்கள். அரை அடிக்குக் கீழே மண் களிபோல மம்மட்டியில் ஒட்டியது. இன்னும் தோண்டியபோது நாற்றம் மேலே வந்தது. வேர்கள் கறுத்துக் கொழகொழவென்று இருந்தன. இழுத்தால் தோல் மட்டும் உருவிக்கொண்டு கையோடு வந்தது.

பனியில் கருகும் மரம் மேலிருந்து சாகும். இது கீழிருந்து செத்திருந்தது. ஒருத்தி இரண்டு மாதம், ஒரு நாள் விடாமல், விறைக்கும் குளிரில் வந்து தண்ணீர் ஊற்றினால்தான் மண் இப்படி ஆகும். அவள் நடுவில் நாலு நாள் தூங்கியிருந்தால்கூட மரம் ஒருவேளை பிழைத்திருக்கும். இலையே இல்லாத மரத்தில் கழுவுவதற்கு என்ன இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபத்திரண்டு வருட அனுபவம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவளுக்கு, ஒரு குழந்தை கேட்கக்கூடிய கேள்வி தோன்றவில்லை.

அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான், "பனிதான். சீக்கிரம் மூடுங்க," என்றேன். மூடினார்கள். மேலே புது மண் போட்டுச் சமன்படுத்தி ஒரு கமீலியாவை வைத்தோம். கோயமுத்தூரிலிருந்து திரும்பிய அந்த அம்மாவிடமும் போனில் அதையே சொன்னேன். முதலில் சொன்னது ஆத்திரத்தில் வந்தது. இந்தப் பொய்யை நிதானமாக யோசித்துச் சொன்னேன்.

அதன் பிறகு வேலை ஓடவில்லை. தொட்டியைத் தூக்கி வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்து பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்கே வைத்தாலும் சரியாக இருப்பதுபோலவும் இருந்தது, எங்கே வைத்தாலும் தப்பாக இருப்பதுபோலவும் இருந்தது. ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரர், "அந்தப் பொண்ணு ஏன் வரதில்ல?" என்று கேட்பார். உடம்பு சரியில்லையாம் என்பேன். மூன்றாவது முறை கேட்டபோது அவர் முகத்தைப் பார்க்காமல் ரசத்தை ஊற்றினேன். பங்குனி பிறந்த பிறகு ஒரு நாள் காலையில் கோத்தகிரி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அவள் லயத்துக்குப் பக்கத்தில் ஒருவருடைய சின்னத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். வரிசையில் அவள் மட்டும்தான் இருந்தாள். மற்றவர்கள் மேல் சரிவில் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தவில்லை.

"வாங்க்கா."

செடிகளுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வேரைப் பார்த்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். தண்ணீர் வேண்டாம் என்று நீ சொன்னதைக் கேட்காமல் போனேன், செய்யச் சொன்னதைச் செய்தவளையே திருடியைப்போல நிற்க வைத்தேன், மன்னிச்சுக்க என்றேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அழுதால் முடிந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பும் இருந்தது.

அவள் பறித்த கொழுந்தைத் தோளுக்குப் பின்னால் பையில் போட்டாள்.

"அன்னைக்கு எங்க வச்சுச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"அந்த ஊட்டு வாசல்ல."

"எத்தன பேரு நின்னாங்க?"

"அஞ்சு பேரு."

"இங்க யாரு இருக்கா? இந்தத் தேயிலச் செடிகிட்டயா சொல்றீங்க?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நீங்க சொன்னது என் நாத்தனாரு ஊடு வரைக்கும் போயிருச்சு. இன்னும் கேக்குறாங்க. நாலு மணிக்கு எந்திரிச்சுப் போனியே, எங்க போனன்னு. அந்த அஞ்சு பேருகிட்டயும் போயிச் சொல்லுங்க. அப்புறமா எங்கிட்ட வாங்க."

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. முதலாளியம்மா இவ்வளவு தூரம் வந்து அழுதும் இவளுக்குப் போதவில்லையா என்று தோன்றியது. கட்டபெட்டு தாண்டுவதற்குள் கோபம் போய்விட்டது. அவள் கேட்டது சரியான கணக்குத்தான்.

முதலில் அந்த இரண்டு பெண்களிடம் சொன்னேன். நர்சரியில் நாற்றுப் பை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவள், "குழி தோண்டுனப்பவே தெரிஞ்சுதுங்க்கா. அதுக்கு முன்னாடியும் நாங்க நம்பல. அவங்களா தூங்குவாங்க?" என்றாள். "அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?" என்று கேட்டேன். இரண்டு பேரும் பையில் மண்ணை அள்ளிப் போட ஆரம்பித்தார்கள். எனக்கும் அதற்குமேல் கேட்க யோக்கியதை இல்லை.

அந்த வீட்டுக்குப் போனேன். பெரியவர் வராந்தாவில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார். "எனக்குத் தெரியுமுங்களே," என்றார். "எனக்கு ஷிப்டு வேலை பாத்த பழக்கம், அஞ்சு மணிக்கு மேல தூக்கம் வராது. ஜன்னல்ல நின்னு பாத்துட்டே இருப்பேன். ஒரு நாள் தவறாம வந்துதுங்க அந்தப் பொண்ணு. டீ குடுத்தா வேண்டாம்னுரும்."

"அன்னைக்கே ஏனுங்க சொல்லல?"

"நீங்க பேசின வேகத்துக்கு நடுவுல எப்பிடிங்க பேசறது?" என்றார். பிறகு நாளிதழை மடித்துக் கீழே வைத்துவிட்டு, "சொல்லியிருக்கோணும்," என்றார்.

அந்த அம்மாவிடம் சொல்வதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. மரத்தைக் கொன்றது பனி இல்லை, நான்தான் என்று சொல்ல வேண்டும். சமையலறை வாசலில் நின்று சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார். பிறகு, "அவ எங்கிட்ட ஒரு நாள் சொன்னா. இதுக்கு இனித் தண்ணி ஊத்தாம உட்டர்லாங்களா, அக்காகிட்ட நீங்க கேளுங்கன்னு. நான்தான், உங்கக்கா சொன்னதயே செய்யும்மான்னு சொல்லிட்டேன்," என்றார். "மரம் போயிருச்சு, அத உடுங்க. நாந்தான் அது வேணும்னு கேட்டேன். அந்தப் பொண்ணை ஏனுங்க அப்பிடிச் சொன்னீங்க?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்லவில்லை.

கடைசியாக டெம்போ டிரைவர். மேட்டுப்பாளையத்தில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவரைத் தேடிப் பிடித்தேன். இதற்காகவா மலையிறங்கி வந்தீர்கள் என்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தார். "நான் அன்னைக்கே நம்பலைங்க," என்றார். "அந்த அக்கா கையப் பாத்தாலே தெரியுதே." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டார்.

மறுநாள் மறுபடியும் கோத்தகிரிக்குப் போனேன். அன்று ஞாயிறு. அவள் லயத்து வாசலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொல்லி முக்காலியைத் தள்ளினாள்.

"அஞ்சு பேருகிட்டயும் சொல்லிட்டேன்."

"என்னா சொன்னாங்க?"

"யாருமே நம்பலையாம். அன்னைக்கே நம்பலையாம். ஒருத்தர் பாக்கி இல்லாம அத்தன பேரும் அதையேதான் சொன்னாங்க."

அவள் ஒரு சட்டையை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். முகத்தில் ஏதோ இளகியது. நான் வந்த காரியம் முடிந்தது, நாளைக்குப் பெரட்டுக்கு வா என்று கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்க நம்புனீங்களாக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆத்திரத்தில் அப்படித் தோன்றிவிட்டது என்றால் அவளும் ஒத்துக்கொண்டிருப்பாள். அந்த ஐந்து பேரிடம் போய் வந்த பிறகு இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"இல்ல," என்றேன். "நானும் நம்பல. அந்தம்மா கேட்டாங்க, ஏதாச்சும் ஒண்ணு சொல்ல வேண்டியிருந்துச்சு. நீ பக்கத்துல நின்ன."

அவள் கடைசித் துணியையும் மடித்தாள். உள்ளே அவள் கணவர் ரேடியோவைச் சன்னமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு அவள் எழுந்தாள்.

"நம்பிட்டுச் சொல்லியிருந்தாக்கூடப் பரவால்லக்கா," என்றாள். பிறகு, "டீ குடிச்சிட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.